எல்லாக் கண்ணும் கடைசித் தெருவில்

முதல் செருப்பு ஏட்டின் தோளில் விழுந்தது.

இரண்டாவது, குறி தப்பாமல் மெக்கானிக்கின் நெற்றியில்!

ஏட்டு மெக்கானிக்கின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார். ஓய்வு பெறும் வயதை எட்டிப் பார்க்கிற உடம்பு. முழங்கால் இரண்டும் கெஞ்சின. பின்னால் கூட்டம் அலையாய் வந்தது.

தோளில் விழுந்த செருப்பை அவருக்கு அடையாளம் தெரிந்தது. சொந்த மைத்துனருடையது. போன பிறந்தநாளுக்கு அவரே வாங்கிக் கொடுத்தது.

'வீட்டுக்கு வரட்டும்... வச்சுக்கிறேன்!'

மெக்கானிக்கை உள்ளே தள்ளிவிட்டு ஜீப்பின் கதவைச் சாத்தினார். சாத்திய கதவில் ஒரு கல் வந்து மோதியது.

மெக்கானிக்கின் கை இரண்டிலும் ரத்தம். அவனுடையதில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவருடையது.

தலைவர், தன் வீட்டு ஹாலில், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே குப்புறக் கிடந்தார். பக்கத்தில் ஒரு பித்தளைக் கேடயம். காலனிவாசிகளின் ஒற்றுமையைப் பாராட்டி எப்போதோ யாரோ கொடுத்த பரிசு. அந்த ஒற்றுமை, தலைவரின் பின்மண்டையில் ஆழமாகப் பதிந்திருந்தது.

பிணத்தைப் பார்த்து அலறியவன் மெக்கானிக். அலறலைக் கேட்டு ஓடி வந்தவர்கள் பிணத்தைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைத்தான் பார்த்தார்கள்.

பார்த்தது போதாதா? மெக்கானிக் கடைசித் தெருக்காரன்!

காலனியின் கடைசித் தெருவில் இருப்பவர்களுக்கு ஒரே பெயர்தான். 'வந்தவங்க'. வேறு பாஷை, வேறு உடுப்பு. வந்து வருஷக்கணக்காகியும் வந்தவங்க. இங்கேயே பிறந்து, இங்கேயே நடை பழகிய அவர்களின் பிள்ளைகளும் வந்தவங்க. இந்தக் காலனியே வயலை மேடாக்கிக் கட்டியதுதான். முதல் தெருவிலும் ஒருத்தருடைய தாத்தாகூட இங்கே பிறந்ததில்லை. ஆனால் முதல் தெருக்காரர்கள் பேசுவதைக் கேட்டால், பூமி உருண்டையானபோதே இவர்கள் கேட் போட்டுக் குடியேறிவிட்டது போலிருக்கும்.

ஏட்டும் முதல் தெருதான். தலைவருக்கு அடுத்த வீடு.

ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். சமீபத்தில் மாற்றலாகி வந்த பெண்மணி. அதிகம் பேசமாட்டார். ரோந்து போகும்போதெல்லாம் வந்தவங்களைப் பற்றி ஏட்டு ஜீப்பில் அளந்த கதைகளுக்கு, அவர் இதுவரை சொன்ன பதில் ஒரே ஒரு 'ம்'. அந்த 'ம்' ஆமோதிப்பு என்றே ஏட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டைப் பூட்டுங்க ஏட்டு."

பூட்டினார். வெளியே கூட்டம் கம்பியைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தது.

மெக்கானிக் லாக்கப் கம்பிக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து நடுங்கினான். அவன் சொன்ன கதை சின்னது. தலைவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மூன்று நாளாக மக்கர். காலையில் வரச் சொல்லியிருந்தார். பின் கேட் வழியாகப் போனான். கூப்பிட்டான். பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். கிடந்தவரைத் தூக்கிப் பார்த்தான். உடம்பு ஜில்லென்று இருந்தது.

"பொய் சொல்றான் மேடம்," என்றார் ஏட்டு. "வந்தவங்களுக்கு வேலை கொடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டதே தலைவர்தான். அவர் எப்படி இவனைக் கூப்பிடுவார்?"

மெக்கானிக் தலையைத் தூக்கினான். "அதான் சார் பின் கேட். உங்க வீட்டுக்கும் பின் கேட் வழியாதானே வருவேன்?"

ஏட்டுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

இன்ஸ்பெக்டர் 'ம்' என்றார்.

வெளியே சத்தம் கூடியது. கூட்டத்தில் பாதி கடைசித் தெருவுக்குக் கிளம்பப் போகிறது என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓடி வந்து சொன்னான். கையில் கல், சிலர் கையில் பெட்ரோல் கேன்.

மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"என்னை வேணா அவங்ககிட்ட விட்ருங்க மேடம். என் அம்மாவும் பொண்டாட்டியும் அங்க தனியா இருக்காங்க. அவங்களைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஒரு நரம்பு துடித்து அடங்கியது. இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களையும் துப்பாக்கியோடு கடைசித் தெருமுனைக்கு அனுப்பினார். இரண்டு பேர் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்?

போன் அடித்தது. போலீஸ் டாக்டர். பேசி முடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பினார். தலைவர் செத்தது விடிகிற நேரத்தில். மெக்கானிக் அலறியதற்கு ரொம்ப முன்னால்.

"அப்ப இவன் விடியற்காலை எங்க இருந்தான்னு தெரிஞ்சாப் போதும். காலனி முழுக்க கேமரா இருக்கே ஏட்டு. தலைவர் வீட்டு வாசல் எதுல தெரியும்?"

"எதுலயும் தெரியாது மேடம்."

"ஏன்?"

"எல்லாத்தையும் கடைசித் தெருப் பக்கமா திருப்பி வச்சிருக்கோம்."

"எல்லாத்தையுமா?"

"சங்கத் தீர்மானம். ஏகமனதா நிறைவேறுச்சு. தன் வீட்டு வாசல் கேமராவையும் தலைவரே திருப்பச் சொல்லிட்டார்."

"ஏகமனதான்னா... நீங்களும் கை தூக்கினீங்க?"

"ஏணியே நான்தான் மேடம் பிடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். ஏட்டு தன் செல்போனை எடுத்துக் கொடுத்தார். சங்க உறுப்பினர்கள் எல்லோருடைய போனிலும் அந்தக் கேமராக் காட்சிகள் வரும். அது வந்ததிலிருந்து ஏட்டின் மனைவி டி.வி. சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

காட்சியைப் பின்னுக்கு ஓட்டினார்கள்.

விடியற்காலை. கடைசித் தெரு. மெக்கானிக் கடையைத் திறக்கிறான். ஒரு பழைய வேனின் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்காருகிறான். பக்கத்து வீட்டுக்காரர் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுக்கிறார். மெக்கானிக் குடிக்கிறான். வெளிச்சம் வருகிறது. வெயில் வருகிறது. மெக்கானிக் அங்கேயே இருக்கிறான்! இடப்பக்கமிருந்து, வலப்பக்கமிருந்து, மேலிருந்து... சினிமாக் கதாநாயகனுக்குக்கூட இத்தனை கோணம் வைக்கமாட்டார்கள்.

வெகுநேரம் கழித்துத்தான் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான்.

"வேடிக்கையைப் பார்த்தீங்களா ஏட்டு?" இன்ஸ்பெக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "கடைசித் தெருவுல இருக்கிற அத்தனை பேருக்கும் சாட்சி இருக்கு. மத்த தெருவுல ஒருத்தருக்கும் இல்லை. உங்களுக்கும் சேர்த்துத்தான்."

ஏட்டு போனைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"கூட்டம் யார் சொன்னாக் கேக்கும்?"

"தலைவர் இருந்தா தலைவர் சொன்னாக் கேக்கும். இப்ப, துணைத் தலைவர்."

"கூப்பிடுங்க."

துணைத் தலைவர் வந்தார். சலவைச் சட்டை, கலையாத தலை, கனத்த குரல். தலைவர் கூட்டத்தில் ஒரு வாக்கியம் பேசினால், இவர் அதற்கு ஆச்சரியக்குறி போடுகிறவர். காட்சியை ஓட்டிக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க அவர் முகம் கறுத்தது. வெளியே போய், மெக்கானிக் குற்றவாளி இல்லை, எல்லோரும் கலைந்து போங்கள் என்று சொல்லும்படி இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார்.

முடியாது என்றார் துணைத் தலைவர். இவன் இல்லாவிட்டால் இவன் அண்ணன். அண்ணன் இல்லாவிட்டால் மாமன். எல்லோரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள் என்றார். கடைசித் தெருவைக் காலி செய்ய இதைவிட நல்ல நாள் வராது என்றும் சொன்னார்.

"விடியற நேரத்துல அந்தத் தெருவை விட்டு யாருமே வெளியில வரலையே சார். நீங்களே பார்த்தீங்களே," என்றார் இன்ஸ்பெக்டர் பொறுமையாக.

"வந்தாங்களோ இல்லையோ... தலைவர் சாவுக்கு அவங்கதான் காரணம் மேடம். சிங்கம் மாதிரி இருந்த மனுஷன். அவர் புத்தியையே கெடுத்து, வீட்டையே அவங்களுக்கு விக்க வச்சுட்டாங்களே."

ஏட்டு நிமிர்ந்தார்.

தலைவர் வீட்டை விற்றுவிட்டாரா? அதுவும் வந்தவங்களுக்கா? சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. தலைவர் தும்மினால் இவர் வீட்டில் கேட்கும். இது கேட்கவில்லையே!

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

"இது யாருக்கும் தெரியாத விஷயமாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"ஏட்டு, உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது மேடம்."

"சரி. ஊரையே கேட்டுடலாம்." இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலை நோக்கி நடந்தார். "தலைவர் வீட்டை வந்தவங்களுக்கு வித்துட்டாராம், துணைத் தலைவர் சொல்றார்னு இங்கிருந்தே சொல்றேன். தெரிஞ்சவங்க கை தூக்கட்டும்."

"வேண்டாம்!"

கனத்த குரல் கீச்சென்று வந்தது. சலவைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம் மேடம்... அதைச் சொன்னீங்கன்னா, அடுத்தது என் வீட்டைப் பத்திக் கேப்பாங்க."

"உங்க வீட்டுக்கு என்ன?"

துணைத் தலைவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். மடை திறந்தது.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் அங்கேயே வந்து குடியேறிவிட வேண்டும் என்கிறான். அதற்கு வீட்டை விற்க வேண்டும். காலனிக்காரன் எவனும் கட்டுப்படியாகிற விலை தரமாட்டான். வந்தவங்கதான் தருவார்கள். புரோக்கர் ரகசியமாக ஒரு பார்ட்டியைப் பிடித்தான். வீட்டைப் பார்த்தார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். கடைசியில்...

"அதே பார்ட்டி தலைவர் வீட்டை முடிச்சுட்டாங்கன்னு நேத்து புரோக்கர் வந்து சொன்னான் மேடம். மேடையில என்னை 'வந்தவங்களுக்கு விக்காதே, விக்காதே'ன்னு பேச வச்சுட்டு, இவர் பின்னாடி வித்திருக்கார். விடிஞ்சும் விடியாததுமா போய்க் கேட்டேன். சிரிச்சார். 'முதல்ல விக்கிறவன் புத்திசாலி, கடைசியில மிஞ்சி நிக்கிறவன்தான்யா ஊர்க்காரன்'னு சொல்லிட்டு முதுகைக் காட்டித் திரும்பினார். கைக்கு எட்டுன இடத்துல அந்தக் கேடயம் இருந்துச்சு..."



"அங்க என் மகனை அக்கம்பக்கத்துல ஒருத்தன் மதிக்கிறதில்ல மேடம்," என்றார் துணைத் தலைவர், சம்பந்தமில்லாமல். "எங்கிருந்தோ வந்தவன்னு பேசுறானுங்களாம். நாங்க போய்ப் பக்கத்துல இருந்தா ஒரு தைரியமா இருக்கும்னு பார்த்தேன்."

ஏட்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டும் செய்யவில்லை. துணைத் தலைவரை வாசலுக்கு அழைத்துப் போனார். மெக்கானிக் நிரபராதி, கேமராவில் தெளிவாக இருக்கிறது, கற்களைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். கூட்டம் முணுமுணுத்தது. போட மனசில்லாமல் கற்களைப் போட்டது. சினிமா டிக்கெட் கிடைக்காத முகத்தோடு கலைந்தது.

தெரு காலியானதும் அவர் கையில் விலங்கு விழுந்தது. மெக்கானிக் வெளியே வந்த அதே லாக்கப்புக்குள் துணைத் தலைவர் போனார்.

செய்தி காலனிக்குள் பரவ வெகுநேரம் பிடிக்கவில்லை. மைத்துனர் போனில் வந்தார்.

"மாமா, துணைத் தலைவராமே? நான் அப்பவே நினைச்சேன். அந்த ஆள் நம்மாளே இல்ல மாமா. அவங்க அப்பா காலத்துல வேற எங்கேயோ இருந்து வந்தவங்களாம்!"

ஏட்டு போனை வைத்தார்.

வாசலில் மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். அவன் வாயைப் பிளந்தான். பிறகு கும்பிட்டான். பிறகு சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினான்.

ஏட்டும் வாயைப் பிளந்தார். இன்ஸ்பெக்டர் பேசியது அவனுடைய பாஷையில்! தடுமாறாமல், தண்ணி பட்ட பாடாய்!

"அந்தப் பாஷை... எங்க கத்துக்கிட்டீங்க மேடம்?"

"எங்கம்மா மடியில."

ரோந்து ஜீப்பில் அளந்த கதைகள் ஒவ்வொன்றாய் வரிசையில் வந்து நின்று ஏட்டை முறைத்தன. அவற்றுக்குக் கிடைத்த அத்தனை 'ம்'களும் இப்போது வேறு மாதிரி கேட்டன.

"அப்ப... தலைவர் வீட்டை வாங்கின அந்தப் பார்ட்டி..."

"நான்தான் ஏட்டு. சாமான் இறக்குற வரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு தலைவர் கெஞ்சிக் கேட்டுக்கிட்டார். நானும் விடலை. அவரும் விட்டிருக்கமாட்டார். அதான், துணைத் தலைவர் வாயில இருந்து வந்ததும் உறுத்துச்சு." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "கேஸை வேற ஸ்டேஷனுக்கு மாத்தச் சொல்லிட்டேன். நான்தானே முதல் சாட்சி?"

ஏட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. தும்மினால் கேட்கும். வீட்டில் அவர் மனைவி பேசுகிற பேச்சுக்குத் தும்மலே தேவலை!

ஏதாவது பேசியாக வேண்டுமே என்று கேட்டார்.

"துணைத் தலைவர் வீடு இன்னும் பெரிசாச்சே மேடம். மாடிகூட உண்டு. அதை ஏன் வேண்டாம்னு விட்டீங்க?"

"என் வீட்டுக்காரர்தான் போய்ப் பார்த்துட்டு வந்தார்." இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "வீடெல்லாம் நல்லாத்தான் இருக்காம்..."

"அப்புறம்?"

"அக்கம்பக்கம்தான் சரியில்லையாம்."