மூடிய பாதையும் சுற்றுப்பிரகாரமும்

தொழினுட்பப் பாடத்தில் சாருஜாவுக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு. தரம் ஏழில் அவளைப் போலக் குறிப்பெழுதுவார் எவருமில்லை. மயூரதன் சேர் சொன்னவற்றையெல்லாம் வீட்டில் தேவாரம் ஓதுவதுபோல் ஏற்ற இறக்கத்தோடு ஓதிப் பாடமாக்குவாள். மறுநாள் கேட்டால் ஓரெழுத்தும் பிசகாது.

"மின்னோட்டம் பாய்வதற்கான மூடிய பாதை மின்சுற்று எனப்படும்" என்று அவள் சொல்லி நிறுத்தினால், பின்வரிசையிலிருந்து பிரவீணன், "திருச்சிற்றம்பலம்" என்று முடித்துவைப்பான்.

அவளுடைய மேசைத் தோழி ஜெசிதா. அம்மாவுக்குத் தாதி வேலையில் இடமாற்றம் கிடைத்ததால், குருநகரிலிருந்து இவ்வாண்டுதான் கரவெட்டிக்கு வந்தவள். அவளுக்கு மனனம் வராது. சென்ற பரீட்சையில் இருபத்தெட்டுப் புள்ளிதான்.

இந்தத் தவணையில் மயூரதன் சேர் குறிப்புச் சொல்வதை நிறுத்திவிட்டார். பல ஆண்டுகளாக அலுமாரியில் பூட்டிக் கிடந்த பெட்டிகளைத் திறந்து, மேசைக்கு ஒரு மின்கலம், ஒரு சிறு மின்குமிழ், இரண்டு வயர் என்று கொடுத்தார்.

"இனிக் கையாலையும் படிப்பம்" என்றார்.

ஜெசிதா முதல் நாளே குமிழை எரியவைத்தாள். அதன் வெளிச்சம் அவளுடைய மூக்கு நுனியில் விழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்ததைச் சாருஜா அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள்.

பிறகு சாருஜாவின் முறை வந்தது. மின்கலத்திலிருந்து குமிழுக்கு ஒரு வயரைத் தொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். குமிழ் அசையாமல் அவளைப் பார்த்தது.

"உதுக்கும் ஒரு பதிகம் பாடன், எரியும்!" என்றான் பிரவீணன்.

புதன்கிழமை பாடசாலை அதிபர் சண்முகநாதன் வகுப்புக்கு வந்தார். கொப்பிகளைப் புரட்டினார். எல்லாம் வெறுந்தாள்.

"மயூரதன், பரீட்சைக்கு ஆறு வாரம்தான் கிடக்கு. வெள்ளிக்கிழமை திரும்ப வருவன். குமிழை எரியவைக்கிற பிள்ளை, அது ஏன் எரியுதெண்டும் சொல்லவேணும். சொல்லாட்டி, பெட்டியள் அலுமாரிக்குப் போகட்டும். பழையபடி குறிப்பு எழுதுங்கோ."

சாருஜாவின் உள்ளத்தில் சின்னதாய் ஒரு மகிழ்ச்சி எட்டிப் பார்த்தது. குறிப்பு வந்தால் நூறும் வருமே!

அப்போது ஜெசிதாவைப் பார்த்தாள். அவள் வயரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"எனக்கு எரியவைக்கத் தெரியும். ஏனெண்டு கேட்டால் வாயிலை வருகுதில்லை" என்றாள் மெல்ல. "இனித் திரும்பவும் இருபத்தெட்டுத்தான்."

எட்டிப் பார்த்த மகிழ்ச்சி நாணித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"இடைவேளைக்கு வா, நான் சொல்லித்தாறன்" என்றாள் சாருஜா.

சேரிடம் கேட்டு மின்கலத்தையும் குமிழையும் வயர்களையும் எடுத்துக்கொண்டு இருவரும் படிக்கட்டில் அமர்ந்தார்கள். சாருஜா ஓதினாள். ஜெசிதா பின்தொடர்ந்தாள்.

"மின்னோட்டம் பாய்வதற்கான மூடிய..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். "எடி, மூடின பாதையிலை எப்பிடிப் பாயும்? எங்கடை ஒழுங்கையை மூடினால் ஒரு சைக்கிள்கூடப் போகேலாதே!"

சாருஜா நூறு முறை ஓதிய சொல். ஒருமுறையும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியாதடி" என்றாள். அந்த இரண்டு சொற்களைச் சொல்வது அவளுக்கு எந்தக் குறிப்பையும்விடக் கடினமாக இருந்தது.

"அப்ப கையைத் தா." ஜெசிதா அவள் கையில் இரண்டாவது வயரைக் கொடுத்தாள். "உந்த வயர் போறதுக்கு. இது திரும்பி வாறதுக்கு. வை பாப்பம்."

சாருஜா வைத்தாள். குமிழ் எரிந்தது.

"வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருகுது!" என்று கூவினாள் அவள். "சாமி வீதி சுற்றி வாற மாதிரி!"

"ஓமடி! எங்கடை சுற்றுப்பிரகாரமும் உப்பிடித்தான். திருநாளுக்கு மாதா, கோயிலாலை வெளிக்கிட்டு ஊரைச் சுற்றி, கோயிலுக்குத்தான் வந்து சேருவா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப மூடின பாதையெண்டால் அடைச்ச பாதையில்லை" என்றாள் சாருஜா மெதுவாக. "தொடக்கமும் முடிவும் முட்டிற பாதை."

வெள்ளிக்கிழமை அதிபர் வந்தார். ஜெசிதா குமிழை எரியவைத்தாள்.

"ஏன் எரியுது?"

ஜெசிதா சாருஜாவைத் திரும்பிப் பார்த்தாள். விடை சாருஜாவின் நாக்கு நுனியில் துடித்தது. ஆனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே தோழியின் உள்ளங்கையில் விரலால் ஒரு வட்டம் வரைந்தாள்.

"சுற்றுப்பிரகாரம், சேர்" என்றாள் ஜெசிதா.

வகுப்பு சிரித்தது. அதிபர் சிரிக்கவில்லை. "புத்தகத்திலை உந்தச் சொல் இல்லையே, பிள்ளை."

"மின்கலம்தான் கோயில், சேர். அங்கையிருந்து வெளிக்கிட்டு, இந்த வயராலை போய், குமிழுக்குள்ளாலை வந்து, மற்ற வயராலை கோயிலுக்கே திரும்புது. எங்கை அறுந்தாலும் முழுச் சுற்றும் நிண்டிடும். மூடின பாதையெண்டால் அடைச்ச பாதையில்லை, சேர். முட்டின பாதை."

அதிபர் வகுப்பைப் பார்த்தார். "அடைச்ச பாதையெண்டு எத்தினை பேர் நினைச்சனீங்கள்?"

முதலில் உயர்ந்த கை சாருஜாவினுடையது. பிறகு ஒவ்வொன்றாய் இருபது கைகள். கடைசியாகப் பிரவீணனும் பாதிக் கையை உயர்த்தினான்.

"நூறு எடுத்த பிள்ளையுமோ?"

"ஓம், சேர். வடிவாப் பாடமாக்கினனான். ஆனால் விளங்கேல்லை."

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பிள்ளைகள் இருக்கும் வாங்கு ஒன்றில் அமர்ந்தார்.

"பெட்டியள் வெளியிலையே கிடக்கட்டும், மயூரதன். ஆனால் கொப்பி வெறுமையாக் கிடக்கக்கூடாது. குறிப்பும் எழுதவேணும்."

"எழுதுவம், சேர்" என்ற மயூரதன் சேர், வெண்கட்டியை ஜெசிதாவிடம் நீட்டினார். "முதல் குறிப்பை நீ சொல்லு, பிள்ளை."

ஜெசிதா கரும்பலகையின் முன் போய் நின்றாள். முப்பது கொப்பிகள் திறந்தன. "மின்சுற்று எண்டால்..." என்று தொடங்கியவளுக்குச் சொற்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

முன்வரிசையில் பேனையும் கையுமாக இருந்த சாருஜா நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் ஆறுதலாச் சொல்லடி, எழுத வேணுமெல்லோ!"