எட்டுக் கடி

சனிக்கோளின் எந்த நிலவில் இறங்கினாலும் முதல் வேலை மெல்லுவதுதான். இறங்குகூடத்தில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருப்பார்கள். கடைவாய்ப் பல்லில் பதித்த சில்லுதான் அவர்களுக்குத் தொலைபேசி. நான்கு முறை கடித்தால் நான்கு. பல்லழைப்பு என்று பெயர். ஒவ்வொரு நிலவுக்கும் தனி வலை, தனி எண்கள். சாப்பாட்டுக்கு எது, அஞ்சலுக்கு எது, மருத்துவருக்கு எது என்று வேலைதேடி அலைகிறவர்கள் போன இடத்திலெல்லாம் புதிதாகப் பாடம் செய்தாக வேண்டும்.

தையல்நாயகியின் கணவன் முத்தையன் பனிக்கட்டி வெட்டுகிறவன். டியோனி என்ற நிலவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, டைட்டனில் பழகிய மருத்துவர் எண்ணைப் பாவம் பல் தானாகக் கடித்துவிட்டது. டியோனியில் அது சலவைப் பிரிவு. "எத்தனை உருப்படி?" என்று எந்திரம் பணிவாகக் கேட்டது. அவன் முனகினான். ஒவ்வொரு முனகலையும் ஒரு துணியாக அது எண்ணிக்கொண்டது. உடலோடு சேர்த்துத் தையல்நாயகியின் கைக்கு ஒரு சீட்டும் வந்தது: பதினோரு உருப்படி.

அன்றைக்குப் பிடித்த வெறி ஒன்பது ஆண்டுகள் அவளை விடவில்லை. எல்லா நிலவுகளிலும் மருத்துவருக்கு ஒரே எண் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். காற்றுக்குழாய் பொருத்தும் வேலைக்கு நடுவே மனு மேல் மனு போட்டாள். கடைசியில் சேவை முகவரிச் சீர்தர ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். அது ஒன்பது பொது எண்களை ஒதுக்க உட்கார்ந்தது, முதல் எண் யாருக்கு என்பதிலேயே ஆறு ஆண்டுகளைத் தின்றது. நிலையத் தலைவர்கள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோயில் கமிட்டி இரண்டுக்கு இறங்கிவர ஓர் ஆண்டு ஆயிற்று. காவல், வரி, உணவு, அஞ்சல் என்று ஆளுக்கொன்றை வாரிக்கொண்ட பிறகு மிஞ்சியது எட்டு. அதைத் தொட ஆளில்லை.

"டாக்டருக்குக் குடுங்க," என்றாள் தையல்நாயகி.

ஆணையத் தலைவர் வீரபத்திரன் நெளிந்தார். "எட்டாம்மா? அது சனியோட எண்ணாச்சே."

"அய்யா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருங்க. நாம எங்க குடியிருக்கோம்?"

ஜன்னலை அடைத்துக்கொண்டு, வளையமும் தானுமாகச் சனிக்கோள் நின்றது. அவை முழுதும் சிரித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தையல்நாயகி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஆண்டு மகள் செங்கமலத்துக்கு ரியா நிலவில் வேலை கிடைத்தது.

"எங்க போனாலும் எட்டுக் கடிடி. மறந்துடாத."

"உங்க எண்ணை நான் மறப்பேனாம்மா?"

மகள் வேலைக்குப் போன மூன்றாம் மாதம், ரியா நிலையத்தின் பதிவறையில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். நீராவிக் குழாய் வெடித்துச் செங்கமலம் இறந்துபோயிருந்தாள். எதிரே இருந்த எழுத்தர் கனகசபை நல்ல மனிதர். அழைப்புப் பதிவு இருந்த திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். செங்கமலம் எட்டுக் கடித்திருந்தாள். மறுபடி எட்டு. பதின்மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: அப்படி ஓர் எண் இந்த நிலையத்தில் இல்லை.

"சீர்தரம் எல்லாருக்கும் ஒண்ணுதானேய்யா?" தையல்நாயகியின் குரல் உடைந்தது. "எட்டு எங்க போச்சு?"

"இங்க அது ஏழு-அ ஆயிடுச்சும்மா. ஏழு கடி, அப்புறம் நாக்கால ஒரு தட்டு. கேன்டீன் சுவத்துல ஒட்டியிருந்தோம்."

"எந்தப் பாவி மாத்தச் சொன்னான்?"

கனகசபை திரையில் ஒரு மனுவைத் திறந்தார். எழுத்து தையல்நாயகியுடையது.

விடுதியில் மகளுக்கு எட்டாம் எண் அறை ஒதுக்கிய செய்தி வந்த அன்று எழுதியது. எட்டைச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்த அதே வாய்தான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு, பெற்ற பிள்ளை எட்டாம் கதவுக்குப் பின்னால் தூங்கப்போகிறாள் என்றதும் மனம் ஒப்பவில்லை. அந்த எண்ணை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள்.

"யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தோம்மா," என்றார் கனகசபை தாழ்ந்த குரலில். "எல்லாருக்கும் மனசுக்குள்ள உறுத்தல். எட்டைக் கொண்டுவந்த நீங்களே வேண்டாம்னு எழுதினதும் தைரியம் வந்துச்சு. அறை, சேவை எல்லாம் ஒரே பட்டியல். எட்டு இருந்த இடத்தையெல்லாம் ஒரே ஆணையில மாத்திட்டோம்."

தையல்நாயகி தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வரவில்லை. தாடை மட்டும் தன்பாட்டுக்கு அசைந்தது.

கனகசபை மெல்லத் தொண்டையைச் செருமினார். உடலைச் சொந்த ஊரான டைட்டனுக்கு அனுப்பும் படிவத்தில் தேதிக் கட்டம் நிரப்பாமல் இருந்தது.

"நாளைக்கே கப்பல் இருக்கும்மா. ஆனா நாளைக்குத் தேதி எட்டு." அவர் தயங்கினார். "ஒன்பதுக்குப் போட்டுடட்டுமா?"

தையல்நாயகி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"ஒன்பதே போடுங்க," என்றாள்.