காலி மாடத்தின் முழு முகவரி

காலியாக இருக்க வேண்டிய மாடம், தனக்கு ஒரு முகவரி இருக்கிறது என்றது.

உர்சுலா அந்த மாடத்தின் எண்ணை மறுபடியும் தட்டினாள். சிராங்கூன் சாலையில் மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் அலுவலகம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து மற்றவர்கள் எல்லோரும் கிளம்பியாயிற்று. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கீழேயிருந்து ஏறிவந்த வறுத்த மல்லி வாசனையோடு, அந்த அறையில் எப்போதும் இல்லாத ஓர் ஈரமண் வாசனையும் ஏர்கான் காற்றில் கலந்து அவள் கழுத்தின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் ஒன்றைத் தோண்டி, எலும்புகளைச் சுவர் மாடங்களுக்கு மாற்றுகிறார்கள். அதற்கான கம்ப்யூட்டர் வேலைதான் அவளுடையது. மாடம் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண். சில எண்கள் வெறும் லிங்க். கைகாட்டி மரம் போல வேறோர் இடத்தைக் காட்டுமே தவிர, தன்னிடம் ஒன்றும் வைத்திருக்காது. இப்படிச் சுற்றிவளைத்துப் போகும் பாதைகளைப் பிடித்து, ஆணிவேரிலிருந்து உண்மையான இடம்வரை முழு முகவரியைச் சொல்ல, உர்சுலா சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு எழுதியிருந்தாள். அழிக்கும் கட்டளைக்குள்ளும் அதையே வைத்திருந்தாள். எதை அழிப்பதானாலும் முதலில் உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அழிக்கும். ரொம்பப் பத்திரமான ஏற்பாடு என்று அவளுக்கு அதில் பெருமை வேறு.

திரையில் பச்சை எழுத்து மின்னியது.

/ஆங் மோ கியோ/மூன்றாம் மாடி/ருக்கையா வீடு/அறை/தொட்டில்/பிலோமி

ஆங் மோ கியோ அவள் குடியிருக்கும் பகுதி. பிலோமி அவள் மகள். நான்கு மாதக் கைக்குழந்தை. உர்சுலா வேலைக்கு வரும் நாட்களில் பக்கத்து வீட்டு ருக்கையாதான் பார்த்துக்கொள்கிறாள்.

முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த மேசை இராஜரத்தினத்துக்கு இந்த மாதிரிக் கோணல் குறும்பெல்லாம் கைவந்த கலை. திங்கட்கிழமை வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கறுவியபடியே போனைச் சுழற்றினாள்.

"ருக்கையாக்கா, பிள்ளை என்ன செய்யுது?"

"தூங்குது லா. ஜன்னல்ல சாரல் அடிக்குதுன்னு இப்பதான் தொட்டில்லேர்ந்து தூக்கிப் பாய்ல போட்டேன். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒன்னுமில்லக்கா."

போனை வைத்துவிட்டு எண்ணைத் தட்டினாள்.

/ஆங் மோ கியோ/மூன்றாம் மாடி/ருக்கையா வீடு/அறை/பாய்/பிலோமி

இது இராஜரத்தினத்தின் வேலை இல்லை. மூலையில் இருந்த டிஸ்க் பெட்டி, மண்வெட்டி கல்லில் உரசுவதுபோல் கரகரத்தது. யாரும் எதையும் கேட்காமலே கரகரத்தது. மண் வாசனை மல்லி வாசனையை மூடிவிட்டது. அவள் விரல் வைப்பதற்குள் வரி தானாகவே நீண்டது.

/பாய்/பிலோமி/நெஞ்சு

பிறகு,

/பாய்/பிலோமி/நெஞ்சு/மூச்சு

"மாதாவே," என்றாள். உள்ளே போகிறது. என் பிள்ளைக்குள் போகிறது.

மாடத்திலிருந்து பிள்ளையைக் காட்டும் அந்த லிங்க்கை அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டால் மாடத்துக்கும் குழந்தைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பெற்றவளின் அவசரத்துக்கு அந்த மட்டான புத்தியும் கிடையாது. அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். மாடத்தின் எண்ணைத் தட்டினாள். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றாள்.

கரகரப்பு நின்றது.

அப்போதுதான் உறைத்தது. அவள் கட்டளை கைகாட்டியைத் தொடாது. அவளே அப்படித்தான் எழுதியிருந்தாள். கைகாட்டி காட்டும் இடம்வரை நடந்துபோய், அங்கே இருப்பதைத்தான் அழிக்கும். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

அழிக்கப்பட்டது: /ஆங் மோ கியோ/மூன்றாம் மாடி/ருக்கையா வீடு/அறை/பாய்/பிலோமி

போன். விரல் நழுவியது. மறுபடியும் சுழற்றினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா! பிள்ளையை எழுப்புங்க! உடனே எழுப்புங்க!"

"யாரு... உர்சுலாவா? எந்தப் பிள்ளைய?"

"என் பிள்ளைக்கா! பிலோமி! பாய்ல போட்டேன்னு சொன்னீங்களே!"

ருக்கையா தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"பாய் சும்மாதான் கெடக்கு உர்சுலா. எதுக்கு இத விரிச்சேன்னு நானே யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன். உனக்கு ஏதும்மா பிள்ளை? ஒடம்பு சரியில்லையா?"

ரிசீவர் கையிலிருந்து விழுந்து வயரில் ஆடியது. அவள் எண்ணைத் தட்டினாள். அப்படி ஓர் இடம் இல்லை. மறுபடியும் தட்டினாள். இல்லை. இல்லை.

மார்பு இரண்டும் கடுத்தன. பிலோமிக்குப் பசிக்கும் நேரம். ரவிக்கையில் ஈரம் பரவியது. நின்றபாடில்லை. சேலையை நனைத்து, சூடாக, சொட்டுச் சொட்டாகக் கீபோர்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது பால்.