பதினேழு வருட ‘ம்’

தங்கம் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் பொன்ராஜ், “ம்,” என்றார்.

மழை என்று பாத்திரக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தவர், கூடத்தில் சம்மணமிட்டுத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டில் நனைந்த செருப்பின் நாற்றமும், கல்லில் காய்ந்த நல்லெண்ணெயின் வாசமும், தெருவில் பொங்கிய சாக்கடையின் வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. அடுப்படி வாசலில் நின்ற தங்கத்துக்கு முதலில் வந்தது பயமில்லை. ஆத்திரம்.

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே. எதுக்கு ‘ம்’ போடுதிய?”

“ம். பாத்துக்கலாம்.”

பதினேழு வருடமாக இதே பதில்தான். மகள் அனுப்ரியா பிறந்தபோதும் இதுதான். தங்கத்தின் அப்பா செத்த சேதி வந்தபோதும் இதுதான். அவள் வயிற்றில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் இதையேதான் சொன்னார். பக்கத்தில் படுத்துக் குறட்டை விடும் இந்த உடம்புக்குள் ஓர் ஆள் இருக்கிறாரா என்று எத்தனையோ இரவு அவள் யோசித்திருக்கிறாள். இன்று பார்த்துவிடுவது என்று அவர் முன்னால் போய் நின்றாள்.

“சாம்பார்ல எலி மருந்து கலந்திருக்கேன்.”

“ம். சரி.”

சாம்பாரில் தோய்த்து இன்னொரு வாய் போட்டுக்கொண்டார்.

“உங்களத்தான் சொல்லுதேன். சாவப் போறிய. கேக்கியளா?”

“பாத்துக்கலாம்.”

அவள் விருட்டென்று திரும்பினாள். அடுப்படிக்குப் போனாள். கல்லின் மேல் கிடந்த தோசைக் கரண்டியைத் துணியால் பிடித்து எடுத்து வந்தாள். தரையில் ஊன்றியிருந்த அவருடைய இடது கையின் மேல் அதை வைத்து அழுத்தினாள்.

தோல் சுரீர் என்றது. கருகல் வாடை எழுந்தது.

பொன்ராஜ் மென்றுகொண்டிருந்தார்.

ஏன் கத்தவில்லை? கத்த வேண்டுமே. “ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா” என்று துள்ளி எழ வேண்டுமே.

“ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா!” பொன்ராஜ் துள்ளி எழுந்தார்.

அவள் நினைத்த அதே சொற்கள்.

தங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இப்போது அழுவார் என்று நினைத்தாள். அவர் முகம் கோணியது; கண்ணீர் வந்தது. அவள் நினைப்பை நிறுத்தினாள். கண்ணீர் கன்னத்தின் பாதியில் நின்றது. அவரும் நின்றார், ஒரு காலை ஊன்றாமலே.

வீடு அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது. மழை எங்கே?

சடசடவென்று மழை பெய்தது.

ரயில்?

ரயில் ஊதியது.

“என்னைய ஏமாத்துதியளா எல்லாரும்?” ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். “இத்தன வருசம் நான் யார்ட்ட அழுதேன்? யார்ட்ட சண்ட போட்டேன்?”

கீழே குடை பிடித்துப் போனவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்கப் பயந்தாள்.

அனுப்ரியா டியூஷன் விட்டு வரும் நேரம்.

படியில் காலடி கேட்டது.

தங்கம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பள்ளிச் சீருடையில் நனைந்துபோய் மகள் நின்றிருந்தாள். “அம்மா” என்று சொல்வதற்காக வாய் திறந்திருந்தது.

இவள் தன் வயிற்றில் கிடந்தவள். உள்ளிருந்து உதைத்தவள். இவளுக்காக எதையும் நினைக்கப் போவதில்லை. தானாகப் பேசட்டும். தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பேசுட்டி. நீயா ஏதாச்சும் பேசு.”

மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

“அனு.”

திறந்த வாய்க்குள் நாக்கு அசையாமல் கிடந்தது. கண்கள் இமைக்கவில்லை. நனைந்த பின்னலின் நுனியில் திரண்ட ஒரு சொட்டுத் தண்ணீர், விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.