சொல்வதற்கு முன்பே திரும்பிய சம்பந்தி

போன் அலறியது.

எடிட்டிங் அறையில் இருந்த வெள்ளைத்துரை எடுத்தான்.

"பொன்னூஞ்சல் வீடியோஸ்..."

"வெள்ளைத்துரைங்களா? எஸ்.ஐ. தாமரைச்செல்வி பேசுறேன். நேத்து பைபாஸ் மண்டபத்துல ஒரு கல்யாணம் எடுத்தீங்கள்ல?"



"ஆ... ஆமா மேடம்."

"பதினோரு மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எடுத்த வீடியோவை நான் பாக்கணும். மூணு மணிக்கு வாரேன். விஷயம் வெளிய போகக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. ரொம்பவே புரிந்தது!

ஏனென்றால், அதே பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் சமயநல்லூரில், கட்டி முடியாத ஒரு மாடியிலிருந்து சிவசங்கரன் விழுந்து செத்தார். வெள்ளைத்துரையின் தொழில் பார்ட்னர்.

விழுந்தார் என்பது ஊர்ப் பேச்சு.

தள்ளிவிட்டது வெள்ளைத்துரை என்பது வெள்ளைத்துரைக்கு மட்டும் தெரிந்த செய்தி!

காரணம்? சிவசங்கரன் பிரிந்து போய் அந்த மாடியில் தனி ஸ்டூடியோ போடவிருந்தார். போகட்டும். போகிற மனிதர் சும்மா போனாரா? பார்க்கிற கல்யாண வீட்டுக்காரர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. 'துரைக்கு சிங்க் வராதுங்க, படமும் சத்தமும் ஒட்டாது. அவன் எடிட் பண்ணா தாலி ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம்.'

கொலைக்கு இது போதுமா என்று கேட்பவர்கள் எடிட்டர்களோடு பழகாதவர்கள்.

வெள்ளைத்துரை நேற்றைய வீடியோவைத் திறந்தான்.

தாலி கட்டி முடிந்து, விருந்தினர்கள் வரிசையாக மேடையேறிப் பரிசு கொடுக்கும் நேரம். அந்தச் சமயத்தில் வீடியோக்காரனை யார் தேடுகிறார்கள்? கேமராவை ஸ்டாண்டில் பூட்டி ஓடவிட்டுவிட்டு பைக்கை எடுத்தான். சாம்பார் ஆறுவதற்குள் திரும்பி வந்து பந்தியைப் படம் பிடித்தான். யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால், வீடியோவில் ஒரு ஓட்டை இருந்தது.

அவன் குரல் இல்லை!

மதுரைப் பக்கத்துக் கல்யாணத்தை நடத்துவது ஐயர் அல்ல, வீடியோக்காரர். அவர் நில் என்றால் மாப்பிள்ளை நிற்பார். சிரி என்றால் மாமியார் மருமகளைப் பார்த்தே சிரிப்பார். அப்படி மண்டபத்தையே அதட்டுகிற வெள்ளைத்துரையின் குரல், ஒரு மணி நேரம் முழுக்கக் காணோம் என்றால்?

மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். பிறகு சிரிப்பு வந்தது.

போன மாசம் மேலூரில் எடுத்த கல்யாணத்தைத் திறந்தான். 'சார், இங்க பாருங்க...' 'அக்கா, தலையைக் கொஞ்சம் நிமித்துங்க...' 'அண்ணே, மறைக்காதீங்கண்ணே!' எல்லா ஊர்க் கல்யாணத்திலும் அவன் சொல்வது அதே நாலு வாக்கியம். பின்னணி இரைச்சலை நீக்கினான். குரலை மட்டும் துண்டு துண்டாக வெட்டினான். நேற்றைய வீடியோவில், யாராவது திரும்புகிற இடமாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பதித்தான்.

மேலூரில் அதட்டினான். பைபாஸில் திரும்பினார்கள்.

கலை!

மூன்று மணிக்குத் தாமரைச்செல்வி வந்தாள். பின்னால் ஏட்டு தவசி.

"வாசல்ல கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் பாத்தேன். யாரு?"

"என் பார்ட்னர் சிவசங்கரன் மேடம். நேத்துதான்... சமயநல்லூர்ல. மாடியிலேர்ந்து கால் தவறி..." வெள்ளைத்துரை கண்ணைத் துடைத்தான். "பிளக்ஸ்கூட நானே டிசைன் பண்ணேன்."

"பாவம். எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரை இருக்கும்னு சொல்றாங்க."

"ஓஹோ," என்றாள் அவள். "சரி, வீடியோவைப் போடுங்க."

என்ன நடிப்பு! ஒன்றும் தெரியாதவள் மாதிரி! வெள்ளைத்துரை மனதுக்குள் அவளுக்கு ஒரு சபாஷ் போட்டான். பெரிய திரையில் வீடியோவை ஓட்டினான்.

மேடை. மாலையும் கழுத்துமாக மணமக்கள். ஓரத்தில் தவில்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

'சார், இங்க பாருங்க!'

"கேட்டீங்களா மேடம்? என் குரல்! அந்த ஒரு மணி நேரமும் நான் கேமராவை விட்டு இம்மி நகரல."

"நான் கேக்கவே இல்லையே?"

"இல்ல... ஒரு தகவலுக்குச் சொன்னேன்."

"தனி மைக் மாட்டி இருந்தீங்களா? அம்புட்டுத் தெளிவா இருக்கு."

"தனி மைக்கெல்லாம் கிடையாது மேடம். கேமராவுல இருக்கிற ஒத்தை மைக்குதான். நான் அதுக்குப் பக்கத்துலயே நின்னேன் பாருங்க, அதான் இம்புட்டுத் தெளிவு!"

தனக்குத்தானே சாட்சி சொல்வதில் உள்ள சுகமே தனி. குறுக்கு விசாரணைதான் கொஞ்சம் இடிக்கும்.

வீடியோ ஓடியது. அத்தைமார்கள் வந்தார்கள், போனார்கள். தவசி கொட்டாவியை விழுங்கினார். தாமரைச்செல்வி மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னாடி போங்க."

போனான்.

பெண்ணின் அப்பா கேமரா பக்கம் திரும்பினார். திரும்பி முடித்த பிறகு... 'சார், இங்க பாருங்க!'

"என்ன இது? நீங்க சொல்றதுக்கு முன்னாடியே சம்பந்தி திரும்பிட்டாரு?"

"அது... அவரா திரும்பியிருப்பாரு மேடம்."

"இந்த அக்காவும் அப்படித்தான் நிமிந்தாங்க. இந்த அண்ணனும் நீங்க கத்துறதுக்கு முன்னாடியே ஒதுங்கிட்டாரு. என்னங்க, மண்டபம் முழுக்க ஜோசியக்காரங்களா?"

தவசி 'களுக்' என்று சிரித்தார்.

"என் கல்யாண வீடியோவும் இதே லட்சணம்தான்," என்றாள் தாமரைச்செல்வி அலுப்பாக. "கெட்டிமேளம் முழங்கி முடிஞ்சப்புறம் என் வீட்டுக்காரர் தாலியைக் கையில எடுப்பாரு. உங்களுக்கெல்லாம் இந்த சிங்க்ங்கிறதே வராதா?"

வராதா!

அந்த ஒரு வார்த்தை. செத்தவனின் வார்த்தை!

வெள்ளைத்துரையின் காது மடல் சிவந்தது. போலீஸ் மறந்தது. தூக்குக் கயிறு மறந்தது. திரையில் ஒரு தப்பு இருக்கிறது, அதை ஒரு பார்வையாளர் சுட்டிக் காட்டிவிட்டார் என்பது மட்டுமே உலகத்தில் மிச்சம் இருந்தது.

"யாரைப் பாத்து மேடம் சிங்க் வராதுங்கிறீங்க? ஒரு நிமிஷம் இருங்க!"

எடிட்டிங் பக்கத்தைத் திறந்தான். டைம்லைன் விரிந்தது. மேலே படம். அதன் கீழே மேளச் சத்தம், நீளமாக, ஒரே பட்டையாக. அதற்கும் கீழே அவன் குரல், குட்டிக் குட்டித் துண்டுகளாக.

ஒரு துண்டைப் பிடித்து மௌஸால் இடது பக்கம் இழுத்தான். சும்மா ஒரு மயிரிழை.

ஓட்டினான்.

'சார், இங்க பாருங்க!'

சம்பந்தி திரும்பினார். கன கச்சிதம்!

"எப்படி?" என்றான் வெள்ளைத்துரை வெற்றிச் சிரிப்போடு. "இப்பச் சொல்லுங்க. யாருக்கு சிங்க் வராது?"

"பிரமாதம்!" தாமரைச்செல்வி கை தட்டினாள். "மேளம் முன்னாடியும் சரியா இருந்துச்சு. இப்பவும் சரியா இருக்கு. தவில்காரர் கை விழுற இடத்துலதான் அடி விழுது. இல்லண்ணே?"

"ஆமா மேடம். அது நகரவே இல்லையே!" என்றான் வெள்ளைத்துரை பெருமையாக.

"அதான் கேக்கேன். ஒத்தை மைக்குல ஒண்ணாப் பதிஞ்ச ரெண்டு சத்தம். மேளம் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கு. உங்க குரல் மட்டும் எப்படிண்ணே எந்திரிச்சு நடந்து போச்சு?"



வெள்ளைத்துரையின் கை மௌஸிலிருந்து நழுவியது.

"நீங்க அந்த நேரத்துல மண்டபத்துலயே இல்ல," என்றாள் அவள் மெதுவாக. "இருந்த மாதிரி ஒட்டுப் போட்டிருக்கீங்க. இப்ப மரியாதையாச் சொல்லுங்க... காசுமாலை எங்க?"

"எ... எந்தக் காசுமாலை?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்காதீங்க! மாப்பிள்ளையோட அத்தை காசுமாலை! பதினோரு மணிக்குக் கழுத்துல இருந்துச்சு, பன்னெண்டு மணிக்குக் காணோம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டைச் சந்தேகப்படுறாங்க. வெளிய தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிரும்னுதான் நானே ரகசியமா விசாரிக்கேன்!"

காசுமாலை!

இவள் வந்தது காசுமாலைக்கு! சிவசங்கரனுக்காக இல்லை!

வெள்ளைத்துரைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குரலை ஒட்டாமல் அப்படியே கொடுத்திருந்தால், பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பாள்! ஊமையாக இருந்திருந்தால் தப்பித்திருக்க வேண்டியவன்...

"நான் திருடன் இல்ல மேடம்!"

"அப்ப அந்த ஒரு மணி நேரம் எங்க போயிருந்தீங்க?"

 

அவசரமாகக் கணக்குப் போட்டான். திருட்டுக்கு உள்ளே போனால் திரும்பி வரலாம். கொலைக்குப் போனால்? விடை சுலபம். சட்டென்று அவள் முன் கை கூப்பினான்.

"ஆமா மேடம்... நான்தான்! நான்தான் எடுத்தேன்! சபலம் மேடம். கைது பண்ணிருங்க!"

திருட்டை ஒத்துக்கொள்வதில் இத்தனை ஆனந்தப்பட்ட ஒரு மனிதனைத் தாமரைச்செல்வி தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் தவசியின் செல்போன் கூவியது.

"ஹலோ... ஆமாம்மா... என்னது? சரிங்கம்மா, சொல்லிடுதேன்." வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் கோணலாக இருந்தது. "மேடம், மாப்பிள்ளையோட அத்தை. காசுமாலை கெடைச்சிருச்சாம். உறுத்துதுன்னு அவுகளே கழட்டித் தாம்பூலப் பையில போட்டுட்டு மறந்துட்டாகளாம்."

தாமரைச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு வெள்ளைத்துரைக்கு எதிரே உட்கார்ந்தாள். நிதானமாக.

"நடக்காத திருட்டை நான்தான் பண்ணேன்னு கும்பிட்டுச் சொல்றீங்க. அப்படின்னா நடந்தது இதைவிடப் பெருசு. பதினொன்றரை மணிக்குச் சமயநல்லூர்ல ஒருத்தர் மாடியிலேர்ந்து விழுறாரு. அதே நேரத்துல அவரோட பார்ட்னர் மண்டபத்துல இல்ல..." அவள் நிமிர்ந்தாள். "தவசி, சமயநல்லூர் ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க. விபத்துன்னு எழுதிடப் போறாங்க. இந்தக் கம்ப்யூட்டரையும் கையோட தூக்கிக்கங்க."

வெள்ளைத்துரை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கால்கள் அவன் சொல்லி ரொம்ப நேரம் கழித்தே கேட்டன.

"மேடம்..." குரல் கம்மியது. "கல்யாண வீட்டுக்கு வீடியோ குடுக்கணும் மேடம். ரெண்டு காப்பி கேட்டிருந்தாங்க."

"மூணாப் போட்டுருவோம்ணே. பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணு," என்றபடி தாமரைச்செல்வி கதவைத் திறந்து விட்டாள். "அதுல கோர்ட்டுலதான் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் முழுசா உக்காந்து பாப்பாங்க!"