உள்ளே போனது ரெண்டு பேர்

காளியம்மை தனியாகத்தான் வந்திருந்தாள். ஆனால் ஜெயில் வாசலில் இருந்த காவலர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து, "ரெண்டாளும் ஆதார் எடுத்து வெச்சோ" என்றார்.

திரும்பிப் பார்த்தாள். மழையில் நனைந்த மட்டாஞ்சேரித் தெருவும், கிடங்குகளிலிருந்து வரும் மிளகு, சுக்கு நெடியும்தான் இருந்தன. ஆளைக் காணோம். பாவம், மனுஷனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று நினைத்தபடி தன் அட்டையை மட்டும் நீட்டினாள்.

"ஆரெக் காணான்?"

"ஷாஜியை. மருமகன்."

அதைச் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, அவள் மகள் அம்பிளியின் கழுத்தை நெரித்துவிட்டு, அவளே தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று ஊர் முழுக்க அழுது காட்டியவன். நாளைக்கு அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதற்குள் ஒருதடவை அவன் முகத்துக்கு நேரே நாசமாய்ப் போ என்று சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மொபைல், பை, குடை எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். சோதனை அறையில் ஒரு பெண் வார்டர் அவளைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்து, "மாறி நில்லு சேச்சி" என்று நகர்த்தினாள். பிறகு பக்கத்தில், வெறும் காற்றில், அதே கைகளை மேலிருந்து கீழே கொண்டுபோனாள். தோளைத் தொட்டாள். இடுப்பைத் தொட்டாள். கழுத்துக்கு வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக் காக்கிப் பேண்டில் துடைத்துக்கொண்டாள்.

"எந்தா மோளே, மேலு இத்ர தணுப்பு? பனியாணோ?"

உடம்பு ஏன் இவ்வளவு சில்லிட்டிருக்கிறது, காய்ச்சலா என்று யாரைக் கேட்கிறாள்?

அப்போதுதான் காலையில் செய்த தப்பு காளியம்மைக்கு உறைத்தது. துக்க வீட்டில் யாரும் யாரையும் 'வா' என்று கூப்பிடுவதில்லை. கருமாதி முடியும்வரை அந்தச் சொல் வாயில் வரக்கூடாது. ஆனால் கார்ப்பரேஷன் குப்பை வேலைக்குத் தாயும் மகளும் தினமும் ஒன்றாகக் கிளம்பிய பழக்கம். கதவைப் பூட்டும்போது உள்ளே பார்த்து, "அம்பிளி, வா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

காத்திருக்கும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். பினாயில் நெடி, ஈரச் சுவர், எங்கோ சொட்டும் குழாய், அதற்கு நடுவே பக்கத்திலேயே யாரோ மூச்சை இழுத்து இழுத்து, முழுதாக உள்ளே வாங்க முடியாமல் விடுகிற சத்தம். அவள் திரும்பவில்லை. பெற்ற மகள்தான். இருந்தாலும் பயம்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஷாஜி வந்து உட்கார்ந்தான். மழித்த முகம். நன்றாகத் தூங்கிய கண்கள்.

"அத்தே, நாளைக்கு எறங்கிடுவேன் கேட்டா. வீட்டத் தூத்து விருத்தியாக்கி வெய்யி" என்று சிரித்தான்.

கொண்டுவந்த வசவை விட்டுவிட்டு அவள் வலைக்கருகே குனிந்தாள். "எம் பொண்ணு கடைசியா என்னடா சொல்லுச்சு?"

"மூச்சு வந்தாத்தானே சம்சாரிக்கும்?"

சொன்ன பிறகுதான் உளறியது அவனுக்கே புரிந்தது. ஆனாலும் கேட்டது மாமியார் மட்டும்தானே என்று மறுபடி சிரித்தான்.

காளியம்மையின் பக்கத்தில் அந்த மூச்சுச் சத்தம் நின்றது.

அவள் எழுந்தாள். பயம் போகவில்லை, அதன்மேல் ஆத்திரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்து, "நான் போறேன். நீ வர வேணாம் அம்பிளி" என்றாள். "இவங்கூட இரு."

"ஆரோட சம்சாரிக்குறீங்க அத்தே?"

அவன் விரல்கள் வலையைப் பற்றியிருந்தன. அவற்றின்மேல், அவன் பக்கத்திலிருந்து, வேறு விரல்கள் வந்தன. ஒவ்வொன்றாக. மெலிந்தவை. கல்யாணத்துக்கு இட்ட மைலாஞ்சிச் சிவப்பு நகத்தில் இன்னும் போகாதவை.

அவை அவன் பிடியைப் பிரித்தன. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலி, அவனோடு, பின்னால் நகரத் தொடங்கியது.