மூட்டை இருந்த இடம்

“மதியத்துக்குள்ள பவளப்பார் முங்கிரும். அதுக்கு முன்னால அண்ணனைக் கொண்டாந்துரணும். கிளம்புங்க!”

சொல்லிக்கொண்டே செல்சியா பாம்பன் கரை மணலில் சாமான்களைப் பரப்பினாள். அவள் அண்ணன் ரூபேசன், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். காலையில் தனியே போனவனின் கயாக், கடலுக்குள் பவளப்பாறைத் திட்டாகக் கிடக்கும் பாரில் மோதிப் பிளந்துவிட்டது. காலிலும் வெட்டு. போனில் இதைச் சொன்னதோடு சார்ஜ் தீர்ந்துவிட்டது. அங்கே வள்ளம் போகாது, அடி தட்டும். கயாக்தான் போகும்.

ரூபேசனோடு வேலை பார்க்கும் சதக், இரண்டு பேர் உட்காரும் கயாக்கை இழுத்து வந்தான். சாமான்களைப் பார்த்துச் சிரித்தான்.

“அண்ணனைக் கூப்பிடப் போறமா, குடித்தனம் பண்ணப் போறமா? ஜீன்ஸ் எதுக்கு?”

“அண்ணனுக்கு மாத்த.”

“நனைஞ்சா கல்லா கனக்கும் தங்கச்சி. மெல்லிசா ஒரு முழுக்கைச் சட்டை போதும். தண்ணி புகாம பாலித்தீன் பையில சுத்து.”

“அப்ப உங்க ஸ்பீக்கரும் கரையிலேயே கிடக்கட்டும்!”

சதக் அசடு வழிந்தான். சுற்றுலாவுக்குப் போகிற பழக்கத்தில் அதையும் எடுத்து வந்திருந்தான்.

கடைசியில் மிஞ்சியது தண்ணீர் கேன், சட்டை, கட்டுத்துணி, கயிறு. செல்சியா கடற்பாசி எடுக்கப் போகும் உடுப்பில்தான் இருந்தாள். சுடிதாருக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, காலோடு கயிறு போட்டு இறுக்கிய ரப்பர் செருப்பு. அதன்மேல் லைஃப் ஜாக்கெட். பாசிக்குப் போகும் பெண்கள் பையைக் கையில் பிடிப்பதில்லை. அவளும் எல்லாவற்றையும் வலைப்பையில் திணித்து இடுப்பில் முடிந்தாள்.

“கயாக்குல கட்டு பிள்ள!”

“என் இடுப்பை விடவா உங்க கயாக் கெட்டி?”

துடுப்புகள் சுழல, கயாக் பாய்ந்தது! பார் ஓரத்தில் ஓர் அலை எழும்பி அவர்களைக் கவிழ்த்தது. மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் செல்சியா மேலே வரவில்லை! வலைப்பை பவளக் கொம்பில் மாட்டிக்கொண்டது. ஜாக்கெட் மேலே தூக்குகிறது, பை கீழே இழுக்கிறது. அவள் பதறவில்லை. பாசிக்காரி போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். இழுத்தாள். அவிழ்ந்தது!

“சொன்னேன்ல?” சதக் கயாக்கை நிமிர்த்தியபடி கத்தினான்.

“சொன்னீங்க, சொன்னீங்க!” செருப்புக் காலால் பையை நெம்பி எடுத்து, கயாக்கின் நடுவில் கயிற்றால் கட்டினாள்.

தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் ரூபேசன் உடைந்த துடுப்பை ஆட்டினான். வெறுங்கால் சதக் கயாக்கைப் பிடித்து நிற்க, செல்சியா கூர்ப்பாறைமேல் நடந்துபோய் அண்ணனைத் தாங்கி வந்தாள். அவன் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தான். காலுக்குக் கட்டுத்துணி, உடம்புக்குக் காய்ந்த சட்டை. பை காலியானது. மூட்டை இருந்த நடு இடத்தில் ரூபேசன் ஏறி உட்கார்ந்தான். போகும்போது குறைத்து ஏற்றியதால்தான் வரும்போது அந்த இடம் இருந்தது.

கரையில் கூடியிருந்தவர்களின் விசில் பறந்தது. நொண்டிக்கொண்டே இறங்கிய ரூபேசன் சட்டென்று நின்றான்.

“என் புது ஜீன்ஸை மணல்ல போட்டது யாரு?”

“அதை இறக்கிட்டுத்தாண்ணே உன்னைய ஏத்தினோம்!” என்றாள் செல்சியா.